வாங்காமல் செய்த வாங்கு

குரங்குகளுக்கு நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும். திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டின் பின்பக்கக் கூரை அப்பா காலத்து ஓடு. கோடைக்குக் கோடை குரங்குகள் பத்துப் பதினைந்து ஓட்டை உடைக்கும். மாரிக்கு முன் நான் ஏறி மாற்றுவேன். போன வருடம் வைகாசியில் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனி நீ ஏற வேண்டாம். தகரத்தைப் போட்டுவிடு."

ஓடு இறங்கியது. ஓட்டைத் தாங்கிய மரமும் இறங்கியது. இரும்புக் குழாய்க்கு மேல் தகரம் ஏறிய பிறகு, கொட்டில் ஓரத்தில் ஒரு குவியல் மிஞ்சியது. ஆறரை அடி நீளத்தில் 4×3 அங்குலப் பாலை மரம் ஆறு, பனங் கைமரம் பதினொன்று, உளுத்துப்போன சிலாகைகள், இன்ன மரம் என்று எனக்குத் தெரியாத நாலடித் துண்டு ஒன்று. பழைய மரம் எடுக்கிற ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு விறகு விலை சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒரு தச்சு மேசை வேண்டும் என்ற ஆசை இரண்டு வருடமாக இருந்தது. அதுவரை சின்னச் சின்ன வேலைகளைத் தரையில் குந்தியிருந்து, மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு செய்தேன். பலகையைப் பிளாஸ்டிக் கதிரைமேல் வைத்து அரிந்து கதிரையையும் சேர்த்து அரிந்த நாளும் உண்டு. புதுமரம் வாங்கிச் செய்தால் என்ன செலவாகும் என்று மரக்காலையில் கேட்டேன். கேட்டதோடு சரி.

தச்சரான ஓடாவி ஐயா இதை மேசை என்று சொல்லமாட்டார். அவருக்கு இது வாங்கு. போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். 1620களில் கோணேசர் கோயிலை இடித்தவர்கள் நமக்கு வாங்கைத் தந்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்தால் சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பைபர் படகு வருவதற்கு முன் திருக்கடலூர்ப் பக்கம் வள்ளம் கட்டியவர். நான் காட்டிய குவியலில் எனக்குத் தெரியாத அந்த நாலடித் துண்டைத்தான் அவர் முதலில் தூக்கினார். பேனாக்கத்தியால் ஒரு மூலையைச் சுரண்டினார், கையில் நிறுத்துப் பார்த்தார்.

"இது சாவண்டலை, தம்பி. இத ஏன் விறகோட போட்டிருக்கிறீங்க?"

சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில மர நூல்களில் இதற்கு 'ட்ரிங்கோமலி வுட்' என்றே பெயர். மதராஸ் கரையில் அலையோடு வளைந்து கொடுத்த மசுலாப் படகுகளுக்கு இங்கிருந்து இந்த மரம்தான் போயிருக்கிறது. பீப்பாய்க்கும் இதுதான். ஊரின் பெயரைச் சுமக்கிற மரத்தை ஊர்க்காரனான நான் அடையாளம் தெரியாமல் விறகோடு போட்டு வைத்திருந்தேன்.

இணையத்தில் கிடைக்கிற மலிவு வாங்கு வரைபடங்கள் எல்லாம் பைன் மரத்துக்கானவை. 2×4 பைனை வாங்கு, ஒட்டு, ஸ்குரூவை நேரே இறக்கு, ஒரு சனி ஞாயிறில் முடி என்பார்கள். அந்த வரைபடங்களின் பாதிக் கவலை வாங்குக்குப் பாரம் போதாது என்பதுதான். அடித்தட்டில் மணல் மூட்டை வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் பாலை ஒன்றை நெல் நிறுக்கிற தராசில் தூக்கி வைத்தேன், 16 கிலோ. தண்ணீரில் போட்டால் தாழும் மரம். ரயில் தண்டவாளத்துக்குக் குறுக்கே சிலிப்பர் கட்டையாகப் போட்ட மரம். பாரம் பற்றிக் கவலை இல்லை, சரி. ஆனால் மற்ற எல்லாமே தலைகீழ். பைனில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை பாலையில் ஒரு பின்னேரம் பிடிக்கும். (ஆனி ஆடியில் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு அந்த மரத்தின் குணம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.)

முதல் வேலை ஆணி பிடுங்குவது. தலை தெரிகிற ஆணிகள் பரவாயில்லை. தலை துருப்பிடித்து உதிர்ந்து, உடல் மட்டும் உள்ளே நிற்கிற ஆணிகள்தான் எமன். நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்து இரவல் வட்ட வாளை ஓட்டினேன். ஒரு கீச்சுச் சத்தம், ஒரு பொறி, வாளில் மூன்று பல் இல்லை. வாளின் சொந்தக்காரனான மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. புது வாள்தட்டின் விலையை மட்டும் சொன்னான். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேலே ஒரு விரல் உயரத்தில் மெல்ல நகர்த்தினேன். ஆணி இருக்கிற இடம் வந்ததும் காந்தம் அசைந்து அந்தப் பக்கம் சாயும். அங்கே சோக்கால் ஒரு வட்டம். ஆறு மரத்தில் இப்படிப் பதினேழு வட்டம் போட்டேன். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். கண்ணுக்குப் பழகிய பிறகு காந்தம் இல்லாமலே பாதியைக் கண்டுபிடிக்கலாம்.

கணக்குப் பார்த்தால் ஆறு பாலையும் அளந்து வைத்ததுபோல் வந்தது. மூன்றை அகலப்பக்கம் மேலே வரும்படி அடுக்கினால் 12 அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்பு. அதுதான் வாங்கின் முன்பாதி, சீவுவதும் கொத்துவதும் நடக்கிற இடம். இரண்டை வெட்டினால் 30 அங்குலத்தில் நாலு கால். கடைசி ஒன்றில் கால்களை இணைக்கிற குறுக்குச் சட்டம் நாலு. பின்பாதி 10 அங்குலத்துக்குப் பாலை இல்லை, தேவையும் இல்லை. அங்கே ஆயுதம்தான் கிடக்கப்போகிறது. அதற்கு ஹாட்வெயார் கடைக்கு டைல்ஸ் வந்திறங்கிய பலகைத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். இப்படியான தட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும், பக்கத்தில் எழுத்துகள். எச்.டி. என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி கொன்ற மரம்: உள்மையம் வரை 56 பாகை, 30 நிமிடம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைட் புகை போட்டது. நான் அதைத் தொடுவதில்லை.

காலும் மேற்பரப்பும் சேர்ந்து உயரம் 33 அங்குலம். அது எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக மடக்கினால் தரையிலிருந்து உள்ளங்கைக்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. எனக்கு 32½. கைச் சீவுளி பிடிக்கிறவருக்கு இதைவிட உயர்ந்தால் தோள் நோகும். சீவுவதற்கு உடல் பாரம் மேலிருந்து இறங்க வேண்டும். நுணுக்கமாகக் கொத்துகிற வேலைக்கு இது பணிவுதான், குனிய வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் பொருந்துகிற ஓர் உயரம் இல்லை.

மூன்று பாலையையும் பசையால் ஒட்டலாமா என்று யோசித்தேன். ஒட்ட வேண்டுமானால் பக்கங்கள் கண்ணாடிபோல் நேராக வேண்டும், என் கைக்கு அது வராது. அதனால் மரை வெட்டிய கம்பி. ஒரு மீட்டர்க் கம்பி 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 13. மூன்று மரத்தையும் கோர்த்து இரண்டு பக்கமும் நட் போட அளவாக இருக்கும். துளையிடுவதில்தான் பிழைத்தேன். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே துளைத்தேன். அடுக்கிப் பார்த்தால் நடு மரத்தின் துளை இரண்டு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்) விலகி நிற்கிறது. மறுபடி துளைக்க இடமில்லை. நடு மரத்தின் துளையை மட்டும் அரை அங்குலமாக விரித்துக் கம்பியை நுழைத்தேன். யாருக்கும் தெரியாது; நட்டை இறுக்கும்போது பாலை மூன்றும் முனகிக்கொண்டு ஒட்டியது. முன்பக்கம் வருகிற நட்டுகளை உளியால் குழி வெட்டி உள்ளே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையை முன்முகத்தோடு அணைத்து வைக்கும்போது நட்டு குத்தும்.

ஸ்குரூ பற்றி ஒரு வார்த்தை. பாலையில் துளையிடாமல் ஸ்குரூ இறக்காதீர்கள். நான் துளையிட்டே இறக்கினேன், துளை சின்னது. மூன்று ஸ்குரூவின் தலை முறிந்து கையோடு வந்தது. முறிந்த உடல் இன்னும் உள்ளே இருக்கிறது, வெளியே எடுக்கிற சக்தி எனக்கில்லை. பிறகு ஸ்குரூவின் தண்டளவுக்கே துளையிட்டு, மரையில் மெழுகுதிரியைத் தேய்த்தேன். ஒன்றும் முறியவில்லை. கால்களுக்கு ஸ்குரூ வேலையே வேண்டாம் என்று, பாதிவெட்டுப் பொருத்து வெட்டி, நாகம் (துத்தநாகம்) பூசிய போல்ட் போட்டேன். கடற்காற்று ஊர். சாதாரண போல்ட் ஒரு மாரிக்கே செந்நிறமாகி மரத்தில் கண்ணீர்க்கோடு விடும்.

ஆடி முடியும்போது வாங்கு நின்றது. பார்க்க யானை மாதிரி. ஒரு துண்டுப் பலகையை வைத்துச் சீவுளியைத் தள்ளினேன். வாங்கும் என்னோடு சேர்ந்து முன்னால் போய்த் திரும்பி வந்தது. கிட்டத்தட்ட 100 கிலோ மரம், ஆனால் நீளவாட்டில் தென்னை ஓலைபோல ஆடுகிறது. பாரம் இருந்தால் ஆடாது என்று யார் எனக்குச் சொன்னது? பாரம் நழுவாமல்தான் வைத்திருக்கும். நாலு கால் ஒரு சட்டத்தில் நிற்கும்போது நாற்கோணம் சரிந்து இணைகரமாவதைப் பாரம் தடுக்காது. அதைத் தடுப்பது முக்கோணம். ஓடாவி ஐயா வந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்.

"குறுக்க ஒண்டு, மூலைக்கு மூலை. அவ்வளவுதான்."

அதற்குப் பனங் கைமரம் வந்தது. பனையின் பெருமையே அதன் வெளி வைரம்தான், உள்ளே சோறு. வைரப்பக்கம் வெளியே வர, பின்பக்கத்தில் ஒரு காலின் அடியிலிருந்து மற்றக் காலின் தலைக்கு ஒன்று, இன்னொன்று எதிர்ப்புறமாக. இரண்டு பக்கமும் போல்ட். இறுக்கியதும் ஆட்டம் நின்றது, முழுக்க நின்றது. அந்த இரண்டு துண்டுக்கும் நான் கொடுத்த விலை உள்ளங்கையில் ஏறிய சிராய்கள். பனஞ் சிராய் ஊசிபோலக் கறுப்பாக ஏறும், பிடித்து இழுத்தால் முறியும். கையுறை போடாமல் பனையைத் தொடுகிறவன் ஒருமுறைதான் தொடுவான்.

மேற்பரப்பைச் சமப்படுத்த மூன்று பின்னேரம் போனது. முதலில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யன்னல் திரை மாட்டுகிற அலுமினியப் பட்டியில் ஒரே நீளத்தில் இரண்டு துண்டு. ஒன்றை வாங்கின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் குறுக்கே வைத்து, கண்ணைப் பட்டியின் மட்டத்துக்கு இறக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். முன்பட்டியின் மேல்விளிம்புக்கு மேலே பின்பட்டி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கோடு சமமாக இருந்தால் முறுக்கு இல்லை. என் கோடு வலப்பக்கம் தடித்து இடப்பக்கம் மறைந்து போனது. அந்த மூலை இரண்டு நூல் மேடு. சீவுளியை நீளவாட்டில் விட்டால் பாலையின் மேல் வழுக்குகிறதே தவிரக் கடிக்கவில்லை. "குறுக்க விடுங்க" என்றார் ஐயா. குறுக்கே, கொஞ்சம் சாய்வாக விட்டால் கடித்தது. சுருள் சுருளாகச் சீவல் வரும் என்று நினைத்தவனுக்கு வந்தது கருஞ்சிவப்பில் குரக்கன் மாவு மாதிரித் தூள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அலகைத் தீட்ட வேண்டும். கச்சான் காற்று அந்தத் தூளை அள்ளி அம்மா காயப்போட்ட மிளகாய்மேல் கொட்டியது; அந்தக் கிழமை குழம்பில் பாலை இருந்திருக்கும்.

பலகையைப் பிடிக்க இரும்பு வைஸ் வாங்கவில்லை. வாங்கின் இடப்பக்க முனையில் ஒன்றரை அங்குலச் சதுரத் துளை ஒன்றைப் பாலையில் வெட்டினேன், உளியால், இரண்டு பக்கமிருந்தும். அதற்குள் சாவண்டலையில் சீவிய கட்டை. கீழிருந்து கொட்டாப்புளியால் தட்டினால் ஏறும், மேலிருந்து தட்டினால் இறங்கும். பலகையின் தலையை அதில் முட்டக் கொடுத்துச் சீவினால் அசையாது. இந்தக் கட்டைக்குப் பாலை சரிவராது என்று ஐயா சொன்னார், சீவுளி தவறி மோதினால் அலகு போய்விடும்; சாவண்டலை விட்டுக்கொடுக்கும். பலகையைக் குத்தாக நிறுத்தி விளிம்பு சீவ, ஒரு கட்டையில் ஆப்பு வடிவத்தில் வாய் வெட்டி முன்முகத்தில் பூட்டினேன். பலகையை வாயில் செருகி ஒரு ஆப்பைத் தட்டினால் போதும். தள்ளத் தள்ள இறுகும். பின்னால் ஒரு தட்டு தட்டினால் கழன்றுவிடும். ஐயாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எனக்கு என்ட கால்தான் வாங்கு" என்றார். உண்மை, அவர் இன்றும் தரையில் இருந்து, இரண்டு பாதத்துக்கு நடுவில் பலகையைப் பிடித்துக்கொண்டு என்னைவிட நேராகச் சீவுகிறார்.

இனி நான் செய்த பெரிய முட்டாள்தனம். வாங்கைக் கட்டியது பின்விறாந்தையில். நாலு காலையும் நீர்மட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களைச் சீவிச் சீவிச் சரி செய்தேன். பெருமையாக இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியதும் மூன்று பேர் சேர்ந்து அதைக் கொட்டிலுக்குத் தூக்கினோம். கொட்டிலின் சீமெந்துத் தரை தட்டையானது. வாங்கு ஒரு பக்கம் சரிந்து நின்றது. விறாந்தைத் தரைக்குத் தண்ணீர் ஓட மேசன் வைத்த சரிவு இருக்கிறது என்பதை மறந்து, அந்தச் சரிவை நான் அப்படியே கால்களில் வெட்டி வைத்திருந்தேன். முன் கால்கள் இரண்டுக்கும் அடியில் இப்போது பாலைத் துண்டுகள் இருக்கின்றன. கறையானுக்காகக் கால் அடிகளைக் கழிவு எண்ணெயில் ஒரு நாள் நனைத்திருந்தேன். அந்தத் துண்டுகளுக்கும் அதே அபிஷேகம்.

மார்கழியில் இன்னொன்று. பின்பாதிப் பைன் பலகைகளை ஆடி மாதக் கச்சானில், காய்ந்து சுருங்கியிருந்த நேரத்தில், இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்திருந்தேன். அடைமழை இரண்டு கிழமை. ஒரு காலை போய்ப் பார்த்தால் நடுப்பலகை ஆணியோடு கிளம்பி, கூடாரம்போல நிற்கிறது. மரம் ஈரம் குடித்தால் நீளத்தில் வளராது, அகலத்தில்தான் பருக்கும். இதைப் படித்திருந்தேன், தெரியும். தெரிந்தும் நெருக்கினேன், அழகாக இருக்கிறது என்று. எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு நூல் சீவி, மறுபடி பொருத்தினேன். இந்தத் தடவை பலகைக்கு நடுவில் மட்டும் ஸ்குரூ. பாலை அந்த மழைக்கு அசையவே இல்லை. நாற்பது வருடம் கூரையில் இருந்து எல்லாம் பார்த்த மரம்.

செலவுக் கணக்கு: போல்ட், நட், வோஷர், மரைக்கம்பி எல்லாமாக 3,850 ரூபா. ஸ்குரூவும் மெழுகுதிரியும் 600. பலகைத் தட்டு சும்மா, ஆனால் ஏற்றி வந்த ஆட்டோவுக்கு 500. மச்சானின் வாள்தட்டு 2,400, இதை வாங்குக் கணக்கில் சேர்ப்பதா குடும்பக் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவில்லை. மரம் வளவை விட்டு வெளியே போகாததால் மரம் ஏற்றுகிற அனுமதிப் பத்திர அலைச்சல் இல்லை.

குறை ஒன்று இருக்கிறது, திருத்த வழியில்லை. பாலை வாங்குக்கு அளவுக்கு மீறிய வைரம். வாங்கு வேலைப்பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பார்கள்; உளி தவறினால் வாங்கில் வடு விழலாம், செய்கிற சாமானில் விழக்கூடாது. என் வாங்கில் எல்லாம் மறுபக்கம். பைனையோ மாமரப் பலகையையோ வைத்துத் தட்டினால் அடிப்பக்கம் நசுங்கிவிடுகிறது. மெதுமரம் வேலை செய்யும்போது பழைய பிளைவுட் துண்டு ஒன்றை மேலே விரித்துக்கொள்கிறேன். மறுபடி செய்தால் பாலையைக் காலுக்கும் சட்டத்துக்கும் வைத்துவிட்டு, மேற்பரப்புக்கு வேம்போ வேறெதுவோ தேடுவேன்.

வாங்கில் முதல் சாமான் அம்மாவின் திருவலைக்குப் புது இருக்கை. பழையது நடுவில் பிளந்து தொடையைக் கிள்ளுகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேப்பம் பலகையில் செய்தேன். அலகைப் பூட்டிக் கொடுத்ததும் அம்மா ஒரு தேங்காயை உடைத்து, ஏறி இருந்து, பாதி துருவிவிட்டு, "முன்னுக்குக் கொஞ்சம் உயரம்" என்றார். கழற்றி வந்து இரண்டு நூல் சீவினேன்.

சாவண்டலையில் ஒன்றரை அடி மிச்சம் இருந்தது. வைஸ் ஒன்று செய்தால் அதன் வாய்க்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தேன். போன கிழமை ஓடாவி ஐயா தேத்தண்ணி குடிக்க வந்தவர், தன் பெரிய உளிக்குப் பிடி வெடித்துவிட்டது என்றார். அரை அடி வெட்டிக் கொடுத்தேன். வாங்கிலேயே வைத்துச் சீவினார், நின்றபடி. பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. பிடியையும் சீவுளியையும் எடுத்துக்கொண்டு தரையில் போய் இருந்துவிட்டார்.